சோ ஓயுவில் நால்வர்

1959இல் க்ளோத் கோகன் தலைமையில் பெண்கள் அணியொன்று 8,188 மீட்டர் உயரமுள்ள சோ ஓயு சிகரத்தில் ஏறப் போனது. டென்சிங்கின் மகள்கள் இருவரும் அதில் இருந்தார்கள்.

அக்டோபர் தொடக்கத்தில் கடும் பனி பொழிந்தது. புதுப்பனி பழைய பனியோடு இறுகச் சில நாளாகும். அதற்குள் பாரம் கூடினால் சரிவே பாய்போல் கழன்று வரும். மேல்முகாமிலிருந்த கோகனும், க்ளோதீனும், ஷெர்பா ஆங் நோர்புவும் பனிச்சரிவில் மாண்டார்கள். அவர்களுக்கு உதவ ஏறிய ஷெர்பா சோவாங் வழியிலேயே இன்னொரு சரிவில் புதைந்தார்.

பெண்களுக்கு மலை எதற்கு என்பார்கள். 1937இல் நங்க பர்பத்தில் ஒரே சரிவில் பதினாறு ஆண்கள் மாண்டார்களே, ஆண்களுக்கு எதற்கு என்று எவரும் கேட்டதாக நான் படித்ததில்லை. ஆனால் இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போது நானும் வெகுகாலம் இரண்டு பெயர்களைத்தான் சொல்லிவந்தேன். கூலிக்கு ஏறிய ஆங் நோர்புவும் சோவாங்கும் என் வாயில் வெறும் ‘ஷெர்பாக்கள்’.