கொல்லிமலையின் சாமையும் அவரையும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, பெருஞ்சாமை எனப் பலவகைச் சாமைகளையும் தினை, கேழ்வரகு ஆகியவற்றையும் மழையை நம்பிப் பயிரிட்டு, அவற்றினூடே அவரை, துவரை போன்ற பருப்பினங்களையும் விதைத்து வந்தனர். நிலத்தில் அருகருகே விளைந்த தானியமும் பருப்பும் களியும் குழம்புமாக ஒரே வட்டிலில் சேர்ந்ததன் சிறப்பை, புரதங்களின் கட்டுமானக் கூறுகளான அமினோ அமிலங்களைக் கொண்டே முழுமையாக விளக்க முடியும்.

உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாததால் உணவிலிருந்தே பெறவேண்டிய அமினோ அமிலங்கள் இன்றியமையாதவை எனப்படும். அவற்றுள் லைசின், பக்கச்சங்கிலியின் முனையில் மேலும் ஓர் அமினோ தொகுதியைக் கொண்டது. மெத்தியோனினோ பக்கச்சங்கிலியில் கந்தக அணுவைக் கொண்டது. 1889இல் வேதியியலாளர் டிரெக்செல் பால் புரதத்திலிருந்து லைசினைப் பிரித்தெடுத்தார்; மெத்தியோனினை 1920களின் தொடக்கத்தில் ஆய்வாளர் முல்லர் கண்டறிந்தார். இதற்கிடையே 1914இல், மக்காச்சோளப் புரதமான ஜீனை மட்டும் உண்டு வளர்ச்சி குன்றிய எலிகள், லைசினும் டிரிப்டோஃபேனும் சேர்க்கப்பட்டபின் வளர்ந்ததை உயிர்வேதியியலாளர்களான ஆஸ்பார்னும் மெண்டலும் மெய்ப்பித்தனர். தேவைக்குக் குறைந்த ஓர் அமிலமே புரதம் முழுவதன் பயனையும் வரையறுத்துவிடுகிறது என்பது இத்தகைய ஆய்வுகளால் தெளிவாயிற்று. சிறுதானியங்களில் லைசின் குறைவு, மெத்தியோனின் ஒப்பளவில் மிகுதி. பருப்புகளில் லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. ஆகவே ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

சேலம் வட்டாரத்தில் 1940களில் தொடங்கிய சவ்வரிசித் தொழில் பெருகியபோது, ஆலைகளுக்கு வேண்டிய மரவள்ளிக்கிழங்கு கொல்லிமலையிலும் பணப்பயிராகப் பரவியது. கைக்குப் பணம் தந்ததோடு, சாமையை உரலிலிட்டுக் குத்தும் பெண்களின் கடும் உழைப்பையும் அது தவிர்த்ததால், மக்கள் அதை நாடியதில் வியப்பில்லை. ஆயினும் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கே புரதமுள்ள அக்கிழங்கு, சிறுதானியக் கொல்லைகளை மட்டுமன்றி அவற்றினூடே விளைந்த பருப்பையும் சேர்த்தே விலக்கியது. 1990களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், விதை வங்கிகளையும் உமிநீக்கும் இயந்திரங்களையும் ஏற்படுத்திச் சிறுதானியங்களை மீட்க முனைந்தது, இவ்வரலாற்றின் நற்பகுதியாகும்.

எனினும் தானியம் மட்டுமே மீண்டால் லைசினின் குறை அப்படியே நிற்கும். கொல்லிமலை உழவர்களின் கலப்புப் பயிர்முறையே மரபின் உயிர்நிலை என்பதால், சாமையோடு அவரையும் துவரையும் அம்மலைச் சரிவுகளுக்குத் திரும்பும்போதே அம்மீட்பு நிறைவுறும்.