ரேகை வைக்க மறுத்தவர்கள்: பெருங்காமநல்லூரை மறுவாசிக்கச் சில குறிப்புகள்

நத்தத்தில் ஒரு ரேஷன் கடை வரிசை. எனக்கு முன்னால் நின்ற பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மாந்தோப்புக் காவலுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். கருவியில் கட்டைவிரலை வைக்கிறார், விழவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு வைக்கிறார். ஆள்காட்டி விரல், நடுவிரல், மறு கை. எதுவும் விழவில்லை. பின்னால் முணுமுணுப்பு. யாரைப் பார்த்தும் இல்லாமல் பொதுவாக அவர் சொன்னார்: “எங்கூர்ப் பக்கம் ரேகை குடுக்க மாட்டோம்னு செத்தாக. இப்ப இந்தா எடுத்துக்கன்னு நீட்டுறோம், மிசினு வேணாங்குது.”

சிரித்தவர்களில் நானும் ஒருவன். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் இது சிரித்துவிட்டுப் போகிற பேச்சில்லை என்று உறைத்தது.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில், பிரமலைக் கள்ளர்களைப் பதிவேட்டில் ஏற்ற வந்த போலீசார் சுட்டதில், மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேருக்குக் குறையாமல் செத்தார்கள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனவள் மாயக்காள் என்று ஊர் சொல்கிறது. மதுரை வக்கீல் ஜார்ஜ் ஜோசப் இந்த ஜனங்களுக்காக நின்றார். கள்ளநாட்டில் அவருக்கு ரோசாப்பூ துரை என்று பெயர். இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தேசியக் கதையாடல் இதைத் தென்னாட்டு ஜாலியன்வாலாபாக் என்று எடுத்துக்கொண்டது. சாதிப் பெருமிதக் கதையாடல் ‘வீரம்’ என்று எடுத்துக்கொண்டு பேனர் கட்டியது. அன்றைக்கு அந்த ஜனங்களிடம் என்ன கேட்கப்பட்டது என்பது மட்டும் இரண்டிலும் காணாமல் போய்விட்டது. விரலைக் கேட்டார்கள். தன் உடம்பின் ஓர் அடையாளம் தன் கையைவிட்டுப் போய் அரசாங்கத்தின் பெட்டிக்குள் உட்கார்ந்துகொள்வதைத்தான் அவர்கள் மறுத்தார்கள். இன்றைக்கு நாம் ‘தகவல் உரிமை’, ‘அந்தரங்கம்’ என்று தடித்த சொற்களில் பேசுவதை, அந்தச் சொற்கள் எதுவும் இல்லாமல் பேசிய கிளர்ச்சி அது. அப்படித்தான் இதை வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

சட்டத்தைப் பார்ப்போம். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871 இல் வட இந்தியாவில் வந்தது. 1911 இல் அதைத் திருத்தி எழுதியபோது சென்னை மாகாணத்துக்கும் விரித்தார்கள். ஒரு சாதியையோ கூட்டத்தையோ அரசு அறிவிக்கை மூலமே குற்றப் பழங்குடி ஆக்கிவிடலாம்; அந்த அறிவிக்கை சரியா என்று கோர்ட்டில் கேட்க முடியாது. அறிவிக்கப்பட்டவர்கள் பதிவேட்டில் பெயரையும் விரல் ரேகையையும் தர வேண்டும். வெளியூர் போவதென்றால் கையில் சீட்டு இருக்க வேண்டும். ராதாரிச் சீட்டு என்று அதற்குப் பெயர். பாரசீகத்திலிருந்து வந்த அந்தச் சொல் ஜனங்கள் வாயில் ‘ராத்திரிச் சீட்டு’ ஆனது. பிழையான உச்சரிப்பு என்று தமிழ் எம்.ஏ. படித்தவன் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராத்திரியில் சொந்த வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளோடு படுக்க முடியாமல், போலீஸ் கண்முன்னால் படுத்துக் கணக்குக் கொடுத்தவர்களுக்கு அது ராத்திரிச் சீட்டுதான். சட்டத்துக்கும் அவர்கள் வைத்த பெயர் ‘ரேகைச் சட்டம்’. ஆயிரம் ஷரத்துகளில் எது முதுகெலும்பு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஃபூக்கோவைப் படித்த நம் நண்பர்கள் கண்காணிப்பு என்றதும் பெந்தம் வரைந்த வட்டச் சிறைச்சாலைக்குப் போய்விடுகிறார்கள். இங்கே அப்படி ஒரு கட்டிடமே தேவைப்படவில்லை. மந்தையும் சாவடியும் போதுமானதாக இருந்தன. இன்னொன்று, ரேகை எடுக்கும் தொழில்நுட்பமே ஐரோப்பாவிலிருந்து இங்கே வந்ததல்ல. 1858 இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலைக்குச் சரளை தர ஒப்புக்கொண்ட ஒரு ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையைக் காகிதத்தில் பதியவைத்தார். பின்னால் ‘நான் ஒப்புக்கொள்ளவே இல்லை’ என்று அவர் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. 1897 இல் கல்கத்தாவில் ரேகைக் காப்பகம் வந்தது. லண்டன் போலீசுக்கு அது போனது 1901 இல். சுதேசியின் வாய்ச்சொல்லை நம்பாத ஒரு கொடுக்கல் வாங்கலில் பிறந்தது இந்த ரேகை. படிக்காதவனைக் ‘கைநாட்டு’ என்று கேலி செய்கிற நம் வழக்கத்தை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கள்ளன் என்கிற பிம்பம் எழுத்தில் ஏறிய கதையில் எங்கள் ஊருக்கும் பங்குண்டு. 1755 இல் கர்னல் ஹெரான் என்ற கும்பினிக்காரன் மதுரைக்குப் பக்கத்தில் கோவில்குடியில் கோவிலை உடைத்து, செப்புச் சிலைகளை மூட்டை கட்டிக்கொண்டு திருச்சிக்குத் திரும்பினான். மே மாதக் கடைசியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் அவன் படையை மறித்து அடித்துச் சிலைகளை மீட்டார்கள். இதை விரிவாக எழுதிவைத்தவர் ராபர்ட் ஓர்ம். களவு போனதை மீட்டவர்கள் அந்தப் பக்கங்களில் காட்டுமிராண்டிகளாக வருகிறார்கள். பேனா சிலையைத் திருடியவன் பக்கம் இருந்தது. (நத்தம், மேலூர்க் கள்ளர் வேறு நாடு, பிரமலைக் கள்ளர் வேறு நாடு என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம், பிற்கால அதிகாரிகளில் பலருக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை.)

இதோடு நிறுத்திவிட்டால் கட்டுரை வசதியாக முடிந்துவிடும். ஒடுக்குபவன் வெள்ளைக்காரன், ஒடுக்கப்பட்டவன் கள்ளன். ஆனால் திண்டுக்கல் சீமையில் உட்கார்ந்துகொண்டு அப்படி எழுத முடியாது. இங்கே 1896 இல் பண்டு கலகம் நடந்திருக்கிறது.

கள்ளர்கள் ஊர்க்காவல் பார்த்தார்கள். அதற்குக் குடியானவர்கள் கூலி அளக்க வேண்டும். அளக்காத வீட்டில் மாடு காணாமல் போகும். போன மாடு திரும்பி வர வேண்டுமானால் துப்புக்கூலி தர வேண்டும். காவலும் களவும் ஒரே கையில் இருந்த ஏற்பாடு இது. இதற்கு எதிராகத் திண்டுக்கல் தாலுகாவில் ஒரு கோனார் தொடங்கிவைத்த இயக்கம் சீக்கிரமே ஊர் ஊராகப் பரவியது. ஆயிரக்கணக்கில் கூடி, ஏர்க்கலப்பை மேல் சத்தியம் செய்து, இனிக் கள்ளர் காவல் வேண்டாம் என்றார்கள். மாடு பறிகொடுத்தவனுக்கும் வீடு எரிந்தவனுக்கும் ஈடு செய்யப் பொதுப்பணம் சேர்த்தார்கள். ‘ஃபண்ட்’ என்ற அந்தச் சொல்தான் பண்டு ஆகி, கலகத்துக்கே பெயரானது. ராத்திரி தாங்களே முறைவைத்துச் சுற்றினார்கள். கொம்பு ஊதினால் அடுத்த ஊர் எழுந்து வர வேண்டும், வராதவனுக்கு அபராதம். கிணற்றடியில் வாளியை விட்டுவிட்டு வந்தாலும் காலையில் இருந்தது என்று அந்த மாதங்களைப் பற்றிச் சொன்னார்களாம். பல ஊர்களில் கள்ளர்கள் நிலத்தை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். சில இடங்களில் கொலை விழுந்தது, கள்ளர் தெருக்கள் எரிந்தன.

இதை எப்படி வாசிப்பது? இடையர்களும் சிறு குடியானவர்களும் தங்களைச் சுரண்டிய ஓர் அதிகாரத்துக்கு எதிராகத் திரண்ட உண்மையான மக்கள் இயக்கம் இது. அதே சமயம் ‘அந்தச் சாதி முழுக்கவே இப்படித்தான்’ என்கிற வாக்கியத்தைக் கீழிருந்து எழுதிக்கொடுத்ததும் இந்த இயக்கம்தான். பதினைந்து வருஷம் கழித்து வந்த சட்டம் அந்த வாக்கியத்துக்கு முத்திரை குத்தியது. பதிவேட்டை அரசு மேலிருந்து மட்டும் திணிக்கவில்லை. பயந்த ஜனங்களும் அதை வேண்டினார்கள். ‘மக்கள் இயக்கம்’ என்றதும் கண்ணை மூடிக்கொண்டு கைதட்டுகிற நாம் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறத்தான் வேண்டும்.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். 1895 இல் பெரியாறு அணை திறந்து மேலூர்ப் பக்கம் தண்ணீர் பாய்ந்தது. உசிலம்பட்டிச் சீமை மானாவாரியாகவே கிடந்தது. பண்டு கலகத்தில் காவல் கூலியும் போய், தண்ணீரும் வராத இடத்தில்தான் ரேகைச் சட்டம் ஆழமாக இறங்கியது. நெல் விளைந்த பூமியில் கள்ளர் ‘சம்சாரி’ ஆனார், காய்ந்த பூமியில் ‘குற்றவாளி’ ஆனார் என்று சொன்னால் ஏறக்குறைய சரியாக இருக்கும். பிறப்பிலேயே குற்றம் என்று அதிகாரிகள் எழுதிய இடத்தில் வாய்க்கால் இல்லை என்று எழுதியிருக்கலாம்.

சட்டம் சென்னை மாகாணத்தில் 1947 இல் நீங்கியது, நாடு முழுவதும் 1952 இல். நீங்கிய கையோடு 1948 இல் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்து உட்கார்ந்தது. பட்டியலுக்கு இன்னொரு திருப்பமும் உண்டு. சீர்மரபினர் சான்றிதழில் ‘பழங்குடி’ என்றிருந்ததை 1979 இல் ‘சமூகம்’ என்று மாற்றிவிட்டார்கள். பழைய பெயரைத் திருப்பிக் கேட்டுப் போராடி, 2019 இல் மத்திய அரசுக் காரியங்களுக்கு மட்டும் அதைப் பெற்றார்கள். தாத்தா எந்தப் பட்டியலிலிருந்து தப்பி ஓடினாரோ அதன் நகலைப் பேரன் தாலுகா ஆபீசில் மனுப்போட்டுக் கேட்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். பட்டியலில் இருந்தால்தான் பங்கு கிடைக்கும் என்று ஆக்கிவைத்த பிறகு வேறென்ன செய்வான்?

திண்டுக்கல்லில் ஒரு கூட்டத்தில் இதையெல்லாம் பேசியபோது ஒரு தோழர் எழுந்து கேட்டார்: “சோத்துக்கே வழியில்லாதவனுக்கு அந்தரங்கம் எதுக்கு தோழர்? அதெல்லாம் ஏ.சி. ரூம் பிரச்சினை.” நல்ல கேள்விதான். ஆனால் 2017 இல் புட்டசாமி வழக்கில் ஒன்றிய அரசின் வக்கீலும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார், ஏழை நாட்டுக்கு அந்தரங்கம் மேட்டுக்குடி விவகாரம் என்று. ஒன்பது நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பானது. இந்த விஷயத்தில் தோழரும் அரசாங்கமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தரங்கம் யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால் விஷயம் புரியும். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் கம்மாயில் மண் வெட்டுகிறவளை நாளுக்கு இரண்டு முறை படமெடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்றார்கள். 2024 ஜனவரி முதல் ஆதார் வழியாகத்தான் கூலி என்றார்கள். சிக்னல் இல்லாத கம்மாய்க்கரையில் படம் ஏறவில்லை என்றால் அன்றைய உழைப்பே ஏறவில்லை. அதே காலத்தில், பெருமுதலாளி எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதைத் தேர்தல் பத்திரம் மறைத்துவைத்தது. கொடுத்தவரின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டாமா என்று அரசு உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து அந்தத் திட்டத்தை ரத்து செய்தார்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று 2023 இல் ஒன்று வந்தது. அரசு தன் அமைப்புகளுக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம். கூடவே அது தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கை வைத்து, தனிநபர் தகவல் என்றாலே மறுத்துவிட வழி செய்தது. மண் வெட்டுகிறவளின் முகம் செயலியில் ஏறிக்கொண்டிருக்க, அதிகாரியின் கணக்கு ‘தனிநபர் தகவல்’ ஆகிறது. நிலம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறதோ அப்படித்தான் அந்தரங்கமும் பங்கிடப்பட்டிருக்கிறது. தோழர் நிலத்தைக் கேட்பார், இதைக் கேட்க மாட்டேன் என்கிறார்.

கேட்பதில் எனக்கும் பெரிய யோக்கியதை இருப்பதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் தெருவில் இரண்டு வண்டிகள் திருடு போயின. அடுத்த வாரமே கேமரா வைக்க வசூலுக்கு வந்தார்கள். ரசீதுப் புத்தகத்தில் ‘தெரு பாதுகாப்பு பண்டு’ என்று அச்சடித்திருந்தது. அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே ஐந்நூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். வண்டிகள் கிடைக்கவில்லை. கேமரா கம்பத்தில் இருக்கிறது. அது எங்கள் வீட்டு வாசல்களைப் பார்க்கவில்லை. தெருமுனையில் இறங்கி, தையல் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர்கள் தங்கியிருக்கிற தகரக் கொட்டகைகளுக்குப் போகும் பாதையைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து யாரிடமும் வசூல் கேட்கவில்லை.