இரண்டு சூ போட்டுச் செய்த தங்கப் பதக்கம்

அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டு அரசியல் பதக்கங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் நிறைய உண்டு. தேர்தல் சமயத்தில் சட்டையில் தொங்கவிடத் துளை போட்ட சிறு வில்லைகளும், தலைவர்கள் மறைந்தபோது அடித்த நினைவுப் பதக்கங்களும் அவர்களுக்குப் புதையல். லிங்கனுக்கு அடித்தவற்றில் என் மனதில் நிற்பது ஒன்று. அது அமெரிக்காவில் செய்ததே அல்ல.

1865 ஏப்ரலில் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டதும், பிரான்சில் நாந்த் நகரப் பத்திரிகை ஒன்று நிதி திரட்ட ஆரம்பித்தது. அவருடைய மனைவிக்கு ஒரு தங்கப் பதக்கம் அனுப்ப வேண்டும் என்பது எண்ணம். ஓர் ஆளுக்கு இரண்டு சூ, அதாவது 10 சாந்தீம், அதற்கு மேல் வாங்குவதில்லை. ஏழைகளும் சேர வேண்டும் என்றுதான் அப்படி. சுமார் 40,000 பேர் கொடுத்தார்கள். குழுவில் விக்தோர் உய்கோவும் இருந்தார். அப்போது அவர் நாடு கடந்து கெர்ன்சி தீவில் வசித்துவந்தார்.

மூன்றாம் நெப்போலியனின் அரசு இதைத் தடுத்தது. வசூலான பணமும் பறிமுதல் ஆனது. இரண்டு சூவுக்கு ஒரு பேரரசு ஏன் பயப்பட வேண்டும்? அலுவலகத்தில் கோப்பு தூக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அரசுக்குப் பயம் காசைப் பார்த்து அல்ல, பெயர்ப் பட்டியலைப் பார்த்துத்தான்.

ஆனாலும் அவர்கள் விடவில்லை. பதக்கத்தைச் சுவிட்சர்லாந்தில் அடித்தார்கள். 1866-இல் பாரிசிலிருந்த அமெரிக்கத் தூதர் ஜான் பிகிலோ மூலம் அது திருமதி லிங்கனுக்குப் போய்ச் சேர்ந்தது.

அதில் உள்ள வாசகம் பிரெஞ்சு. பள்ளியில் அந்த மொழியில் படித்தவன் ஆதலால் சற்று நின்று படித்தேன். லிங்கன் நேர்மையான மனிதர், அடிமை முறையை ஒழித்தார், குடியரசைக் காப்பாற்றினார் என்று சொல்லிவிட்டு, இதையெல்லாம் 'சுதந்திரச் சிலைக்குத் திரை போடாமலே' செய்தார் என்கிறது. நியூயார்க் சிலை நிற்க இன்னும் 20 வருடம் இருந்தது. ஆகவே இது அந்தச் சிலை அல்ல. 1851-இல் குடியரசைக் கவிழ்த்துவிட்டுப் பின்னர் முடிசூடிக்கொண்ட தங்கள் மன்னருக்கு வைத்த குத்து! இரங்கல் அமெரிக்காவுக்கு, செய்தி உள்ளூருக்கு.

அந்தத் தங்கப் பதக்கம் இன்று வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. வெண்கலப் பிரதிகள்தான் சேகரிப்பாளர் கைகளில் சுற்றுகின்றன. தங்கம் என்ன விலை போகும் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எனக்கு அதன் மதிப்பு அந்த இரண்டு சூதான்.