ராமநாதபுரம் கடற்கரையில் வீட்டுப் போன்சாய்: உப்புத் தண்ணீரில் பட்டுப்போகாமல் காப்பது எப்படி?

போன்சாய் என்பது தனி ரகமோ குட்டை இனமோ அல்ல. ஊர் எல்லையில் நிற்கும் அதே ஆல், அதே அரசு, அதே புளிதான். ஆழமில்லாத தட்டில் வைத்து, வேரையும் கிளையையும் காலம் பார்த்து வெட்டி, அளவாகச் சாப்பாடு போட்டுச் சிறிதாக வைத்திருக்கிறார்கள். 'போன்' என்றால் தட்டு, 'சாய்' என்றால் நட்ட செடி. சீனாவில் தொடங்கிய கலைக்கு ஜப்பானியர் வைத்த பெயர் இது. ஒழுங்காகப் பார்த்தால் தட்டில் இருக்கும் மரம் மனிதரைவிட நீண்ட நாள் வாழும். 1625-ல் தொடங்கிய ஒரு பைன் போன்சாய் ஹிரோஷிமா அணுகுண்டுக்கும் தப்பி, 1976-ல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போய், இன்றும் வாஷிங்டனில் இருக்கிறது.

நம் மாவட்டத்தில் வாங்கி வைத்த போன்சாய் ஓர் ஆண்டைத் தாண்டாமல் போவதற்குப் பெரும்பாலும் வெயில் காரணமல்ல, தண்ணீர்தான். அதனால் செடி வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்.

தண்ணீரில் உள்ள உப்பு எங்கே போகிறது?

வயலில் உவர் நீர் பாய்ச்சினால் மழை வந்து உப்பைக் கீழே இறக்கிவிடும். தட்டில் இருக்கும் மூன்று கிலோ மண்ணுக்கு அந்த வசதி கிடையாது. தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். லிட்டருக்கு ஒரு கிராம் உப்புள்ள தண்ணீரை தினமும் அரை லிட்டர் வீதம் ஊற்றினால் ஒரு மாதத்தில் 15 கிராம் உப்பு சேரும், ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி. மூன்று கிலோ மண்ணில் இவ்வளவு உப்பைத் தாங்கும் மரம் குறைவு. இலை நுனியும் ஓரமும் தீய்ந்தது போல் கருகுவது, மண் மேலும் சட்டி விளிம்பிலும் வெள்ளை பூப்பது, இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அது உப்பு. 'தண்ணீர் போதவில்லை போல' என்று நினைத்து அதே ஆழ்துளைக் கிணற்று நீரை இன்னும் ஊற்றினால் மரம் சீக்கிரம் போய்விடும்.

வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் தண்ணீரையும் கொடுத்துப் பார்க்கலாம். அறிக்கையில் மின்கடத்து திறன் 0.75-க்குள் இருந்தால் கவலையில்லை. 1.5-ஐத் தாண்டினால் தட்டுச் செடிக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால் ஒன்று கவனியுங்கள். அதிலிருந்து வெளியேறும் கழிவு நீரில் கிணற்று நீரைவிட உப்பு அதிகம். வீணாகிறதே என்று அதைச் செடிக்கு ஊற்றுவது பல வீடுகளில் நடக்கிறது, வேண்டவே வேண்டாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு கிடையாது, அதைப் பிடித்து வைக்கலாம்.

சிறந்தது மழைநீர். மாவட்டத்தின் மழை ஆண்டுக்கு 800 மி.மீ. சுமார், அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடுகிறது. 100 சதுர அடி கூரையில் 60 மி.மீ. பெய்தால் 500 லிட்டர் வரை பிடிக்கலாம். ஐந்து தட்டுகளுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் என்றால் 500 லிட்டர் தொட்டி ஒன்று 200 நாளுக்கு வரும். பங்குனியிலிருந்து புரட்டாசி வரை அதிலேயே ஓட்டிவிடலாம். முதல் மழையில் கூரைத் தூசியும் காற்று கொண்டுவந்த உப்பும் கழுவி வரும், அதை வெளியே விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடியுங்கள். ஏடிஸ் கொசு வைக்காதபடி தொட்டியை இறுக்கி மூட வேண்டும்.

மழைநீர் குறைவாக இருந்தால் கிணற்று நீரோடு கலந்து ஊற்றலாம். ஆனால் 15 நாளுக்கு ஒருமுறை தட்டின் கொள்ளளவைப்போல் இரண்டு, மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித் துளை வழியாக முழுவதும் வடியவிட்டு உப்பைக் கழுவ வேண்டும். வடிந்த நீர் தேங்கும்படி அடியில் தட்டு வைக்கக் கூடாது.

எந்த மரம் வைக்கலாம்?

முதல் மரமாக ஆல், அரசு, கல்லித்தி ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். தவறு செய்தாலும் மன்னிக்கும் மரங்கள் இவை. வாங்கவே வேண்டியதில்லை. பறவை எச்சத்தால் பழைய சுவரிலும் கிணற்று உறையிலும் பனை மட்டை இடுக்கிலும் முளைத்த கன்று நம் ஊரில் ஏராளம். இடுக்கிலே நெருங்கி வளர்ந்ததால் அடிப்பகுதி தடித்து, வயதானது போல் இருக்கும். உரியவரிடம் கேட்டு, மழைக்காலத்தில் வேரோடு எடுங்கள்.

புளி, கொடுக்காப்புளி இரண்டும் சிற்றிலை மரங்கள் என்பதால் தட்டில் பார்க்க அச்சு அசல் பெரிய மரம் போலவே இருக்கும். காகிதப்பூ வறட்சிக்கும் உப்புக்காற்றுக்கும் ஓரளவு தாங்கும். அடினியம் தண்ணீர் குறைவாகக் கேட்கும், ஆனால் ஈரம் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். நம் கடற்கரை மணலில் குடை விரித்தது போல் நிற்கும் உடை மரத்தை, குடைவேல் என்றும் சொல்வார்கள், விதையிலிருந்து வளர்த்துப் பார்க்க ஆசைப்படலாம். உருவம் இயற்கையாகவே அமைந்தது. ஆனால் ஆணிவேர் ஆழம் போகும் மரம், பெரிய கன்றைத் தோண்டினால் பிழைப்பது கடினம். பூவரசுக்கு இலை பெரிது, பெரிய தட்டுக்குத்தான் பொருந்தும்.

பனையையும் தென்னையையும் போன்சாய் ஆக்க முடியாது. ஒரே குருத்து, கிளை கிடையாது, குருத்தை வெட்டினால் மரம் முடிந்தது. 'தென்னை போன்சாய்' என்று விற்பது முளைத்த தேங்காயைச் சில காலம் குறுக்கி வைத்திருப்பதுதான். அதேபோல் கிழங்கு போல் வேர் பருத்து, மேலே பச்சை இலை வைத்து நர்சரிகளில் விற்கும் ஃபைகஸ் ஜின்செங் செடியை வயதான மரம் என்று நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பருத்த வேரின் மேல் ஒட்டுக் கட்டிய இளஞ்செடி அது.

மன்னார் வளைகுடாத் தீவுகளில் பெம்பிஸ் என்னும் கடலோரப் புதர் இயற்கையாக வளர்கிறது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா நாடுகளில் போன்சாய்க்காரர்கள் தேடி அலையும் செடி. அந்த ஆசை இங்கே வேண்டாம். 21 தீவுகளும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கிருந்து செடி எடுப்பது வன உயிரின பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம்.

மண்ணும் சட்டியும்

கடற்கரை மணலைக் கலக்காதீர்கள். உப்பும் சிப்பித் துகளும் கலந்த மணல் அது. கடலோரத்தில் இடித்த பழைய வீட்டுச் செங்கல்லிலும் உப்பு ஏறியிருக்கும், புதுச் செங்கல்லையே உடைத்து, மிளகு முதல் பட்டாணி அளவுச் சல்லியாகச் சலித்து எடுங்கள். சல்லி இரண்டு பங்கு, கழுவிய பருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுஉரம் ஒரு பங்கு போதும். தென்னை நார்க்கழிவு சேர்ப்பதானால் நல்ல தண்ணீரில் இரண்டு, மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும், அதிலும் உப்பு உண்டு.

தட்டின் ஆழம் அடிமரத்தின் பருமன் அளவு இருந்தால் போதும் என்பது ஜப்பானியக் கணக்கு. நம் வெயிலுக்கு அது ஒத்துவராது, நான்கு அங்குலத்துக்குக் குறையாமல் வையுங்கள். மானாமதுரை மண்சட்டியில் வடிகால் துளை போடச் சொல்லி வாங்கினாலும் சரி. துளையை நைலான் வலைத் துண்டால் மூடுங்கள்.

அடிமரம் பருக்க வேண்டுமானால் தட்டில் வைத்துக் காத்திருப்பது வீண். நிலம் உள்ளவர்களுக்கு இங்கேதான் சாதகம். கன்றின் அடியில் ஓர் ஓட்டை வைத்து, வேர் பக்கவாட்டில் பரவும்படி வரப்போரம் நடுங்கள். மூன்று, நான்கு ஆண்டில் தேவையான உயரத்தில் வெட்டித் தட்டுக்கு மாற்றலாம்.

வேர் வெட்டு, கம்பி, உரம்

மண் மாற்றவும் வேர் வெட்டவும் மாசி மாதம் நல்லது, இல்லையென்றால் புரட்டாசி கடைசியில் முதல் மழையோடு செய்யலாம். சித்திரை, வைகாசியில் கை வைக்கவே கூடாது. வேர்ப்பந்தின் சுற்றிலும் அடியிலும் மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அதற்கேற்ப இலையையும் குறைத்து, இரண்டு, மூன்று வாரம் நிழலில் வையுங்கள். இளம் ஆல் வகைகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, வயதானவற்றுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

கிளையை வளைக்க அலுமினியக் கம்பி வாங்குங்கள். கட்டடக் கட்டுக்கம்பி கடற்காற்றில் ஒரு மாதத்தில் துருவேறி பட்டையில் கறை பிடிக்கும். கிளைப் பருமனில் மூன்றில் ஒரு பங்கு கம்பி போதும். ஆல் வகைகள் வேகமாகப் பருப்பதால் இரண்டு மாதத்திலேயே கம்பி பட்டையை வெட்டுகிறதா என்று பார்த்து, சுற்றிக் கழற்றாமல் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள்.

யூரியா, டி.ஏ.பி. வேண்டாம். அவையும் உப்புதான். பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மி.லி. கலந்து மாதம் ஒருமுறை ஊற்றலாம். கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்த தெளிவு நீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்தும் கொடுக்கலாம். மாவுப்பூச்சி வந்தால் முதலில் எறும்பை ஒழியுங்கள், அதுதான் பூச்சியைக் கிளைக்குக் கிளை சுமக்கிறது. பிறகு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள்.

எங்கே வைப்பது?

போன்சாய் வீட்டுக்குள் வைக்கும் அலங்காரப் பொருள் அல்ல. தினமும் நான்கு மணி நேரமாவது வெயில் வேண்டும். விருந்தாளி வரும் நாளில் கூடத்தில் ஒரு நாள் வைத்துவிட்டு வெளியே எடுத்துவிடுங்கள். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும்போது வீட்டின் கிழக்குப் பக்கம் வைத்தால் காலை வெயிலும் கிடைக்கும், காற்றுக்கும் மறைவு. வாடைக்காற்று தொடங்கியதும் மேற்குப் பக்கம் மாற்றுங்கள். பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் தீவில் இருப்பவர்கள் வாரம் இரண்டு முறை மாலையில் இலையின் மேலும் கீழும் நல்ல தண்ணீரைத் தெளித்து உப்பைக் கழுவ வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் காலை, மாலை இரு வேளையும் தண்ணீர் தேவை. வெளியூர் போவதானால் ஈர மணல் பரப்பிய பெட்டியில் தட்டைப் பதித்து நிழலில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.

வருமானம் பற்றிக் கேட்பவர்களுக்கு: நிலத்தில் வளர்த்த காலத்தையும் சேர்த்து ஆறேழு ஆண்டு ஆகாமல் ஒரு மரமும் நல்ல விலைக்குப் போகாது. 'கன்று தருகிறோம், நாங்களே திரும்ப வாங்குகிறோம்' என்று முன்பணம் கேட்பவர்களை நம்பிக் கடன் வாங்காதீர்கள். வளர்ந்த மரங்களைப் பார்க்க ஆசையிருந்தால் மைசூரு கணபதி சச்சிதானந்த ஆசிரமத்தின் போன்சாய் தோட்டத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். புளியும் ஆலும் எவ்வளவு தூரம் வரும் என்பது அங்கே தெரியும்.

மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை வந்ததும் மாடியிலும் மதிலிலும் உள்ள தட்டுகளைத் தரையில் இறக்கி, சுவரோரம் நெருக்கி வையுங்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் துளை அடைத்திருந்தால் வேர் மூச்சுத் திணறிவிடும். மழைக்கு முன்பே குச்சியால் குத்திப் பாருங்கள். கடல் நீர் வீட்டுக்குள் ஏறித் தட்டு மூழ்கினால் வடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றே மரத்தை எடுத்து, பழைய மண்ணை முழுவதும் உதறி, வேரை மழைநீரில் இரண்டு முறை அலசி, புதுக் கலவையில் நட்டு நிழலில் வையுங்கள். அதற்காக ஒரு சாக்குக் கலவையை உலர வைத்து எப்போதும் மேலே எடுத்து வைத்திருப்பது நல்லது.