சந்திரலேகா (1948)

சந்திரலேகா, ஜெமினி ஸ்டூடியோஸ் தயாரித்து 1948 ஏப்ரல் 9 அன்று வெளிவந்த தமிழ்ச் சாகசப் படம். டி. ஆர். ராஜகுமாரி, எம். கே. ராதா, ரஞ்சன் ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்தனர். ஆனந்த விகடன் அதிபரும் ஜெமினியின் முதலாளியுமான எஸ். எஸ். வாசன் இயக்குநராக அறிமுகமான படம் இது.

பாலநாகம்மா (1942), மங்கம்மா சபதம் (1943) இரண்டும் நல்ல வசூல் பெற்றபின், அவற்றை விஞ்சும்படி ஒரு படம் எடுக்க வாசன் விரும்பினார். கதை இலாகா கொண்டுவந்த ஒரு கதை அவருக்குப் பிடிக்கவில்லை. அதன் நாயகியின் பெயர் மட்டும் பிடித்துப்போயிற்று. கதையே இல்லாமல் ‘சந்திரலேகா’ என்று விளம்பரமும் கொடுத்துவிட்டார். வழி திறந்தவர் கதை இலாகாவைச் சேர்ந்த வேப்பத்தூர் கிட்டு. அவர் எடுத்துச்சொன்ன, ஆங்கில எழுத்தாளர் ரெனால்ட்ஸின் ‘ராபர்ட் மெக்கேர்’ நாவலில், கோச்சு வண்டியை மறித்த கொள்ளையன் ஒருவன், உள்ளே ஒளிந்திருந்த நாட்டியக்காரியைச் சவுக்கால் அடித்து ஆடவைக்கிறான். அந்த ஒரு காட்சியைச் சுற்றி ராஜா ராணிக் கதை ஒன்று பின்னப்பட்டது.

1943இல் தொடங்கிய வேலை முடிய ஐந்து ஆண்டுகள் ஆயின. முதலில் இயக்கியவர் டி. ஜி. ராகவாச்சாரி. வாசனோடு ஒத்துப்போகாமல் அவர் பாதியில் விலக, மீதியை வாசனே இயக்கினார். நாயகனாக முதலில் நடித்த கே. ஜே. மகாதேவனின் காட்சிகள் கைவிடப்பட்டன. வில்லனாக நினைக்கப்பட்டிருந்த எம். கே. ராதா நாயகனானார், வில்லன் வேடம் ரஞ்சனுக்குப் போயிற்று. லட்சுமிகாந்தன் கொலை வழக்கிலிருந்து 1947இல் விடுதலையான நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனுக்கும் அவருடைய ஜோடி டி. ஏ. மதுரத்துக்கும் இடம் கொடுக்கக் கதை மேலும் விரிந்தது. செலவு ஏறக்குறைய முப்பது லட்சம் ரூபாய் என்பார்கள். அன்றைய இந்திய சினிமாவில் அது கேள்விப்படாத தொகை. வாசன் சொத்துகளை அடமானம் வைக்க நேர்ந்தது.

கதையில் மன்னரின் மூத்த மகன் வீரசிம்மன், இளையவன் சசாங்கன். அண்ணனுக்கு முடி என்று தெரிந்ததும் தம்பி கொள்ளைக் கூட்டம் சேர்த்து நாட்டைப் பிடிக்கிறான். கிராமத்து நாட்டியக்காரி சந்திரலேகாவை இருவருமே விரும்புகிறார்கள். சசாங்கன் அண்ணனைக் குகையில் அடைத்து, வாயிலைப் பாறையால் மூடுகிறான். சந்திரலேகா வழியில் வந்த சர்க்கஸ் கூட்டத்தின் யானைகளைக் கொண்டு பாறையை நகர்த்தி அவனை மீட்கிறாள். பிறகு அவளே சசாங்கனிடம் அகப்பட்டு, அவன் அருகில் வரும்போதெல்லாம் மயங்கி விழுவதாக நடித்து நாள் கடத்துகிறாள். கடைசியில் திருமணத்துக்குச் சம்மதிக்க ஒரு நிபந்தனை விதிக்கிறாள்: முரசு நடனம் நடக்கவேண்டும்.

படத்தின் புகழ் இந்த நடனத்தில்தான் நிற்கிறது. அரண்மனை முன்னால் ஆளுயரத்தையும் மிஞ்சிய முரசுகள் வரிசை வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் மேல் பெண்கள் ஆடுகிறார்கள். கீழே கோலேந்திய ஆட்டக்காரர்கள் அணிவகுக்கிறார்கள். கமால் கோஷின் கேமரா உயரத்திலிருந்து முழு வடிவத்தையும் காட்டி, சட்டென்று ஒரு முரசின் தோல்மேல் மிதிக்கும் கால்களுக்கு இறங்குகிறது. ஆட்டம் ஓய்ந்ததும் முரசுகளுக்குள் ஒளிந்திருந்த வீரசிம்மனின் படை வெளியே பாய்கிறது. நானூறு பேர் ஆறு மாதம் ஒத்திகை பார்த்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அமெரிக்க இசைப் படங்களின் பாதிப்பு இதில் தெளிவாகத் தெரியும். ஆனால் பல அமெரிக்கப் படங்களில் கதையை நிறுத்திவிட்டு நடனம் வரும். இங்கே நடனமே சூழ்ச்சி. அதை எடுத்துவிட்டால் கதைக்கு முடிவு இல்லை.

தமிழில் கூட்டம் குறைவில்லை. ஆனாலும் போட்ட பணம் தமிழகத்தில் மட்டும் திரும்பி வராது என்பது தெரிந்துபோயிற்று. விநியோகஸ்தர் தாராசந்த் பர்ஜாத்யாவின் ஊக்கத்தில் இந்திப் பதிப்பு தயாராகி 1948 டிசம்பர் 24 அன்று அறுநூறுக்கும் மேற்பட்ட பிரதிகளுடன் நாடெங்கும் திரையேறியது. சென்னையில் எடுத்த படம் வடநாடு முழுவதும் ஓடியது அதுவே முதல் தடவை. அந்த வழியில் ஏவி.எம். நிறுவனம் 1951இல் இந்தியில் ‘பஹார்’ எடுத்தது. 1954இல் சந்திரலேகா ஜப்பானிலும் திரையிடப்பட்டது.

இன்று பார்க்கையில் படம் ஒரே சீராக முதுமை அடையவில்லை. மூன்று மணி நேரத்தைத் தாண்டும் நீளத்தில் நடுப்பகுதி தொய்கிறது. கமலா சர்க்கஸின் சாகசங்கள் அன்றைக்குப் பெரிய கவர்ச்சி. கதைக்கு அவை பாதியளவே தேவை. காட்டு விலங்குகளை வைத்து வித்தை காட்டச் சட்டத் தடைகள் வந்துவிட்ட காலத்தில் அவற்றைப் பழைய மனநிலையோடு ரசிப்பதும் கடினம். எம். கே. ராதாவின் வீரம் நாடக மேடையின் விறைப்போடு இருக்கிறது. எஸ். ராஜேஸ்வர ராவ் பெயரில் வந்த இசையில் கர்நாடக சங்கீதமும் மேற்கத்திய மெட்டும் அடுத்தடுத்து வருவது சில இடங்களில் துள்ளல், சில இடங்களில் ஒட்டுப்போட்டது போல.

ரஞ்சன் மட்டும் வாடவில்லை. வாள்வீச்சும் குதிரையேற்றமும் நடனமும் உண்மையிலேயே கற்றவர் என்பதால் அவருடைய உடலசைவில் பொய் இல்லை; சிரித்துக்கொண்டே கொடுமை செய்யும் சசாங்கன்தான் பார்ப்பவர் கண்ணை இழுக்கிறான். அடுத்த ஆண்டே ஜெமினியின் இந்திப் படமான ‘நிஷான்’ அவரை நாயகனாக்கியது. ராஜகுமாரியின் பாத்திரமும் எதிர்பார்ப்பதைவிடப் புதிதாக இருக்கிறது. குகை மீட்பு, மயக்க நாடகம், முரசுத் தந்திரம் மூன்றிலும் மூளை அவளுடையது. நாயகன் பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறவன். இறுதிச் சண்டையை மட்டும் படம் அவனிடம் திருப்பிக் கொடுக்கிறது.

படிகளிலும் மாடங்களிலும் ஏறி இறங்கி நீளும் அந்த வாள்சண்டை, இந்திய சினிமாவின் மிக நீண்ட வாள்சண்டைகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. கணினி வரைகலையில் படைகளைப் பெருக்கும் பிற்காலச் சரித்திரப் படங்கள் பலவற்றைவிட, இரண்டு மனிதர்கள் மூச்சு வாங்கச் சுழற்றும் இந்த வாள்களில் ஆபத்து அதிகம் தெரிகிறது.