எட்டு வயதுச் சிறுமி வாங்கிய பரிசு



இன்று பரிசளிப்பு விழா. கணக்கில் முதலாவதாக வந்தவர், பேச்சுப் போட்டியில் வென்றவர், ஓட்டத்தில் முந்தியவர் என்று பிள்ளைகள் வரிசையாக மேடையேறப் போகிறார்கள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, நல்ல சேலை உடுத்தி வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மாரின் முகத்தைப் பார்த்தாலே பரிசின் அருமை தெரிந்துவிடும்.

இந்த நல்ல நாளில் வேறொரு பரிசைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஆசை. அதற்கு மேடையும் இல்லை, மாலையும் இல்லை. தொகை, வங்காளதேசப் பணத்தில் 250 டாக்கா. வாங்கியவள் எட்டு வயதுச் சிறுமி. அவள் செய்த காரியம்தான் என்ன? தன் வட்டாரத்தில் ஒரு குழந்தைக்கு அம்மை வார்த்திருப்பதை அறிந்தாள். சொல்ல வேண்டியவர்களிடம் போய்ச் சொன்னாள். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சொல், பல ஆயிரம் ஆண்டுகளாக மனித குலத்தை வாட்டிய ஒரு கொடிய நோயின் கடைசி அத்தியாயத்தை எழுதியது. எப்படி என்று கேளுங்கள்.

ஆத்தாளும் அம்மையும்

நம் தோட்டங்களில் மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் முன்னோர்கள் துணி மூட்டையோடு ஆத்தாளையும் நெஞ்சில் சுமந்து வந்தார்கள். 1929-ஆம் ஆண்டு இந்தக் கேமரன் மலையில் முதல் தேயிலைத் தோட்டம் திறந்தபோது காட்டை வெட்டியவர்களும் அவளைக் கும்பிட்டுவிட்டுத்தான் கத்தியைத் தூக்கியிருப்பார்கள். காரணம், பெரியம்மை என்றால் அவ்வளவு பயம். கொடிய வகைப் பெரியம்மை கண்ட பத்துப் பேரில் மூன்று பேர் பிழைப்பதில்லை. பிழைத்தவர்களுக்கு முகமெல்லாம் வடு. பலருக்குக் கண்ணே போய்விடும். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் உலகமெங்கும் சுமார் 30 கோடிப் பேர் இந்த நோயால் மாண்டார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அம்மை வார்த்த வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவார்கள் நம்ம பாட்டிமார். "ஆத்தா வந்திருக்கா, உள்ளே வராதீங்க" என்பார்கள். அதை மூடநம்பிக்கை என்று சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள். நோயாளியைத் தனியே வைத்து, வெளியாளை உள்ளே விடாமல் தடுப்பது நல்ல வைத்திய முறைதான். ஆனால் வேப்பிலை நோயை அந்த வீட்டோடு நிறுத்தப் பார்க்குமே தவிர, அடுத்த வீட்டுப் பிள்ளையின் உடம்புக்குக் காவல் தராது. அந்தக் காவலைத் தந்தது அம்மை குத்துதல்.

கேட்காமலே சுமந்த பிள்ளைகள்

மாணவச் செல்வங்களே, அம்மை குத்தும் சரித்திரம் முழுவதும் உங்கள் வயதுப் பிள்ளைகளின் சரித்திரம் என்பது உங்களுக்குத் தெரியுமா?

1796-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள். இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் என்ற டாக்டர், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையில் இருந்த மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து ஒரு சிறுவனின் கையில் கீறி வைத்தார். பிறகு பெரியம்மைச் சீழையே வைத்துப் பார்த்தும் அவனுக்கு நோய் வரவில்லை. அந்தச் சிறுவன் ஜேம்ஸ் பிப்ஸ். வயது எட்டு. அவன் அப்பா ஜென்னர் வீட்டுத் தோட்டத்தில் வேலை பார்த்த கூலித் தொழிலாளி.

அந்தக் காலத்தில் ஐஸ் பெட்டி ஏது? மருந்தைத் தூர தேசத்துக்குக் கெடாமல் கொண்டுபோக ஒரே வழி, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே போவதுதான். 1803-ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்பெயின் நாட்டிலிருந்து பால்மிஸ் என்ற டாக்டர் அமெரிக்கக் கண்டத்துக்குக் கப்பலேறினார். கூட வந்தவர்கள் 22 அனாதைச் சிறுவர்கள். முதலில் இருவருக்கு வைத்து, அவர்கள் கொப்புளத்திலிருந்து அடுத்த இருவருக்கு வைத்து, இப்படியே கடலைக் கடந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே, 1802 ஜூன் 14-இல், பம்பாயில் ஆனா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு வைத்த அம்மைப்பால்தான் இந்தியாவில் பிடித்த முதல் அம்மைப்பால். அவளிடமிருந்து மற்றப் பிள்ளைகளுக்கு மாறி, சென்னைக்கும் இலங்கைக்கும் அது போய்ச் சேர்ந்தது.

நம் பாட்டன்மார் கையில் இருந்த தழும்புக்குப் பின்னால் இத்தனை பிள்ளைகளின் கை இருக்கிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தப் பிள்ளைகளை யாரும் "உனக்குச் சம்மதமா?" என்று கேட்கவில்லை. ஏழைப் பிள்ளை, அனாதைப் பிள்ளை, கேட்பார் இல்லை. அவர்கள் சுமந்தார்கள், உலகம் பிழைத்தது. பிள்ளைகள் தங்கள் அறிவாலும் விருப்பத்தாலும் இந்தப் போரில் இறங்கியது பின்னால் நடந்தது.

ஒளித்தவர் பெரியவர், சொன்னவர் சிறியவர்

1958-இல் சோவியத் நாடு கொண்டுவந்த யோசனையின் பேரில், பெரியம்மையை அடியோடு ஒழிப்பது என்று உலகச் சுகாதார நிறுவனம் முடிவு செய்தது. 1967-இல் வேலை தீவிரமானது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் உலகில் ஒரு கோடி முதல் ஒன்றரைக் கோடிப் பேர்வரை பெரியம்மை கண்டதாக மதிப்பிட்டார்கள். அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. இருந்தும் இந்த ஒரு காரியத்தில் இரண்டும் கைகோத்தன.

ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் ஊசி குத்தி முடிப்பது ஆகிற காரியமா? ஆகவே ஒரு புது வழி கண்டார்கள். நோய் கண்ட வீட்டைக் கண்டுபிடி. நோயாளியைத் தனியே வை. சுற்றியுள்ள எல்லாருக்கும் அம்மை குத்து. தீ பிடித்த இடத்தைச் சுற்றிப் புல்லை வெட்டிவிட்டால் தீ தானே அணையும் அல்லவா? அதே உபாயம்தான்.

எல்லாம் சரி, நோய் கண்ட வீட்டைக் கண்டுபிடிப்பது யார்? பெரியவர்கள் ஒளித்தார்கள். ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்று சிலர். பலவந்தமாக ஊசி குத்துவார்கள் என்று சிலர். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சோறு இல்லையே என்று பலர். நோயும் வறுமையும் எப்போதும் ஒரே லயத்தில் குடியிருப்பவை. 1974-இல் இந்தியாவில் சுமார் 188,000 பேருக்குப் பெரியம்மை கண்டது. அன்று பீகார் மாநிலத்தில் இருந்த ஜாம்ஷெட்பூர் தொழில் நகரத்துக்குப் பிழைக்கப் போன கூலிகள் ஊர் திரும்பியபோது நோயும் அவர்களோடு ரயிலேறிப் பல ஊர்களுக்குப் போனது.

இந்த இடத்தில்தான் பள்ளிக்கூடங்கள் கைகொடுத்தன. நம் அண்டை நாடான இந்தோனேசியாவில் சுகாதார ஊழியர்கள் அம்மை கண்ட குழந்தையின் படத்தை எடுத்துக்கொண்டு வகுப்புகளுக்குள் போனார்கள். "இந்த மாதிரி யாரையாவது பார்த்தீங்களா?" என்று கேட்டார்கள். பிள்ளைகள் சொன்னார்கள். பிறகு அஞ்சலட்டை அளவில் அந்தப் படத்தையே அச்சிட்டு, மற்ற நாடுகளிலும் பள்ளி, சந்தை என்று காட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளைகளுக்குத் தெரியாத வீடு ஊரில் உண்டா? எல்லா வீட்டு அடுப்படிவரை போய் வருகிறவர்கள் அவர்கள்தானே! பெரியவர்களுக்கு மறைக்க ஆயிரம் காரணம் இருந்தது. பிள்ளைகளுக்கு ஒரு காரணமும் இல்லை. இந்தோனேசியாவில் 1972 ஜனவரியோடு பெரியம்மை ஒழிந்தது.

போலாத் தீவில் நடந்தது

வங்காளதேசத்தின் கதை துயரமானது. 1970-இலேயே அங்கே பெரியம்மை நின்றுவிட்டது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் பெரும்புயல் வந்து போலாத் தீவையும் சுற்று வட்டாரத்தையும் வாரிக்கொண்டு போயிற்று. மாண்டவர்கள் லட்சக்கணக்கானோர். அடுத்த ஆண்டு போர். கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்கு ஓடினார்கள். போர் முடிந்து அவர்கள் திரும்பி வந்தபோது, முகாமில் பிடித்த பெரியம்மையும் கூடவே திரும்பியது. பசியும் போரும் எங்கே போகின்றனவோ, அங்கே நோயும் போகும்.

மூன்றாண்டுப் பாடுபட்டு, முடிந்தது என்று எண்ணியிருந்த வேளையில், 1975 அக்டோபர் 16-இல் போலாத் தீவின் குராலியா கிராமத்தில் ரஹிமா பானு என்ற சின்னஞ்சிறு குழந்தைக்கு உடம்பில் அம்மை போட்டது. அதை ஊழியர்களிடம் சொன்னவள்தான் நான் முதலில் குறிப்பிட்ட சிறுமி. அவள் பெயர் பில்கிஸுன்னிசா. தகவல் கிடைத்ததும் குழந்தையை வீட்டிலேயே தனியே வைத்து, இரவு பகலாகக் காவல் போட்டார்கள். ஒன்றரை மைல் சுற்றளவில் வீடு வீடாக அம்மை குத்தினார்கள். ஐந்து மைல் வட்டாரத்தில் ஒவ்வொரு வீடு, பள்ளி, வைத்தியர் என்று ஒன்று விடாமல் விசாரித்தார்கள். குழந்தை பிழைத்தது. நோய் வேறு யாருக்கும் பரவவில்லை. உலகத்திலேயே கொடிய வகைப் பெரியம்மை இயற்கையாகக் கண்ட கடைசி ஆள் அந்த ரஹிமா பானுதான்.

முதன்முதலில் ஜென்னரிடம் கை நீட்டியவனுக்கும் எட்டு வயது. கடைசி நோயாளியைக் காட்டிக் கொடுத்தவளுக்கும் எட்டு வயது. அவனை யாரும் கேட்கவில்லை. இவள் யாரும் கையைப் பிடித்து இழுக்காமல் தானே வந்து சொன்னாள். இடையில் ஓடிய 179 ஆண்டுகளில் உலகம் கற்ற பாடம் இதுதான் என்பேன்.

யாரும் வாங்காத பரிசு

இலேசான வகைப் பெரியம்மையின் கடைசி நோயாளி, சோமாலியா நாட்டின் மெர்க்கா நகரத்து ஆஸ்பத்திரிச் சமையல்காரர் அலி மாவ் மாலின். நோயாளிகளை ஏற்றி வந்த வண்டிக்கு வழி காட்டக் கூட ஏறியவர், 1977 அக்டோபரில் தானே நோயில் விழுந்தார். ஊசி வலிக்கும் என்று பயந்து குத்திக்கொள்ளாமல் இருந்தவர் அவர். பிழைத்து எழுந்த பின் அந்தத் தவற்றை அவர் மறைக்கவில்லை. போலியோ ஒழிப்புத் தொண்டராகி, ஊர் ஊராய்ப் போய்த் தாய்மாரிடம் தன் கதையைச் சொன்னார். 2013-இல் அந்தத் தொண்டில் இருக்கும்போதே மலேரியா காய்ச்சலில் இறந்தார்.

1978-இல் உலகச் சுகாதார நிறுவனம், இனி ஒரு பெரியம்மை நோயாளியைக் காட்டுகிறவருக்கு 1,000 அமெரிக்க டாலர் பரிசு என்று அறிவித்தது. வாங்க யாரும் வரவில்லை. 1980 மே 8-ஆம் நாள், பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்தது என்று முறையாக அறிவித்தார்கள். யாரும் வாங்காததால் எல்லாரும் மகிழ்ந்த பரிசு, உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கும்!

நாம் செய்ய வேண்டியது

"அதெல்லாம் எங்கேயோ நடந்தது, நமக்கென்ன?" என்று கேட்காதீர்கள். இன்று நம் மலையில் நம்மோடு கொழுந்து எடுப்பவர்களில் வங்காளதேசத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. அவர்களைப் பார்க்கும்போது, 'பில்கிஸுன்னிசா பிறந்த நாட்டுக்காரர்' என்று நினைத்து ஒரு வணக்கம் சொல்லுங்கள். அவள் சொன்ன சொல் நம் பிள்ளைகளையும் காத்திருக்கிறது.

இந்தியாவில் போலியோவை ஒழித்தபோதும் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகத் தெருவில் இறங்கி, "சொட்டு மருந்து போட வாங்க" என்று வீடு வீடாய் அழைத்தார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு அங்கே இயற்கையான போலியோக் கிருமி யாரையும் முடமாக்கவில்லை. 2014-இல் போலியோ ஒழிந்த நாடு என்று சான்றும் கிடைத்தது. ஆனால் நம் மலேசியாவிலோ, 27 ஆண்டுகள் இல்லாதிருந்த போலியோ 2019 டிசம்பரில் சபாவில் மூன்று மாதக் குழந்தையிடம் தலை காட்டியது. வேலி பிரிந்தால் மாடு நுழையத்தானே செய்யும்? காச நோயோ இன்றும் ஆண்டுக்கு 20,000-க்கு மேற்பட்ட மலேசியர்களைப் பிடிக்கிறது.

ஆகவே மாணவர்களே, பெரிய பட்டம் வாங்கிய பிறகுதான் உலகத்துக்கு உதவ முடியும் என்று எண்ணாதீர்கள். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு இரண்டு வாரத்துக்கு மேலாக இருமலா? "தாத்தா, கிளினிக்குக்குப் போய்ச் சளியைக் காட்டுங்க" என்று சொல்லுங்கள், முடிந்தால் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். வீட்டுப் பின்புறம் வாளியில், டயரில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா? கவிழ்த்துவிடுங்கள். கூடப் படிக்கும் பிள்ளை நாலு நாளாகப் பள்ளிக்கு வரவில்லையா? ஏன் என்று விசாரித்து ஆசிரியரிடம் சொல்லுங்கள். சொல்வது கோள் அல்ல. ஒருவரைத் தண்டிக்கச் சொல்வது கோள். ஒருவரைக் காப்பாற்றச் சொல்வது தொண்டு.

பெற்றோர்களே, பிள்ளை பள்ளியிலிருந்து தடுப்பூசிக்கான சம்மதக் கடுதாசி கொண்டுவந்தால் சமையல்கட்டு மேசையில் மறந்து போட்டுவிடாதீர்கள். ஆத்தாளைக் கும்பிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அவளுக்கு அதனால் கோபம் வராது. ஜேம்ஸ் பிப்ஸையும், கப்பலில் போன அந்த 22 பிள்ளைகளையும் யாரும் கேட்கவில்லை. இன்று உங்களைக் கேட்கிறார்கள். கேட்பது என்பதே பல பிள்ளைகள் பட்ட பாட்டுக்குப் பின் கிடைத்த மரியாதை.

மேடையேறிப் பரிசு வாங்கும் செல்வங்களுக்கு என் வாழ்த்து. இன்று பரிசு கிடைக்காத பிள்ளைகளே, வருந்தாதீர்கள். கண்ணைத் திறந்து பார்ப்பதற்கும், பார்த்ததைப் பயப்படாமல் சொல்வதற்கும் மதிப்பெண் அட்டையில் இடம் கிடையாது. ஆனால் உலக சரித்திரத்தில் அதற்கு இடம் இருக்கிறது. எட்டு வயதில் ஒருத்தி அந்த இடத்தைப் பிடித்துக் காட்டியிருக்கிறாள்.

வாழ்க மாணவர் குலம்! வளர்க நம் பள்ளி!