முகமும் வெள்ளியும்

'ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள்' என்று உவமை சொல்லப் பழகிய நாம், அப்பக்கங்களில் பொறித்திருப்பதை நின்று வாசிப்பது அரிது. வாசித்தால், ரோமானிய வெள்ளிக் காசான தெனாரியஸ் அதிகாரத்தின் கதையைத் தானே சொல்லிவிடும்.

கார்த்தேஜுடனான போரின் நடுவே, கி.மு. 211 வாக்கில் தெனாரியஸ் பிறந்தது. முதலில் அதில் ரோமா தெய்வமும் குதிரையேறிய தெய்வ இரட்டையரும் இருந்தனர். பின்னர் காசடிக்கும் அதிகாரிகள் தம் குல முன்னோரையும் சேர்த்தனர். உயிரோடிருக்கும் ரோமானியர் எவருக்கும் அதில் இடமில்லை. காசில் தன் முகம் பதிப்பது கிரேக்க உலகின் மன்னர்க்குரிய வழக்கம். ரோமோ மன்னர்களைத் துரத்திய குடியரசு.

கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் அவ்வரம்பைக் கடந்தார். 'நிரந்தர சர்வாதிகாரி' என்ற வாசகத்தோடு அவர் முகம் காசில் ஏறியது. அவ்வாண்டு மார்ச் 15இல் அவர் கொல்லப்பட்டார். கொன்றவருள் ஒருவரான புரூட்டஸ், கி.மு. 42 வாக்கில் ஒரு காசு வெளியிட்டார். அதன் பின்புறத்தில் இரு குத்துவாள்கள், நடுவே விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி, கீழே கொலை நிகழ்ந்த நாளின் பெயர். சுதந்திரப் பிரகடனமேதான். ஆனால் திருப்பிப் பார்த்தால், முன்புறத்தில் புரூட்டஸின் முகம்! மன்னராக முனைந்தார் என்று ஒருவரைக் கொன்றவரே மன்னர் வழக்கத்தைக் கைக்கொண்டார். குடியரசின் முடிவுக்கு இதனினும் வேறு சான்று நமக்கு வேண்டுமா?

பின்வந்த அகஸ்டஸ், காசில் தம்மைத் 'தெய்வமான சீசரின் மகன்' என்றார். தாம் தத்தெடுத்த பேரர்கள் கேயஸ், லூசியஸ் இருவரையும் கேடயமும் ஈட்டியுமாக நிறுத்தி, வாரிசுகள் இவர்களே என்று உலகுக்கு அறிவித்தார். இருவரும் அவருக்கு முன்பே மாண்டனர். அரியணை திபேரியஸுக்குப் போயிற்று.

முகம் நிலைத்தது, வெள்ளி நிலைக்கவில்லை. கி.பி. 64இல் நீரோ காசின் எடையையும் தூய்மையையும் குறைத்தார். கி.பி. 270 வாக்கில், தெனாரியஸின் இடத்தைப் பிடித்திருந்த காசில் வெள்ளி நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. ஆனால் அதிலிருந்த பேரரசரின் தலையில் கதிரவனின் கதிர்முடி!

நம் கொங்கு நாட்டில் புதையல்களாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. நீரோ கைவைப்பதற்கு முந்திய நல்ல வெள்ளி. இங்கிருந்தோர் அம்முகங்களை வணங்க வேண்டியவர்கள் அல்லர். அவர்கள் மதித்தது உலோகத்தை என்று கருத இடமுண்டு. அதிகாரம் தன்னைப் பற்றிச் சொல்வது முகத்தில் இருக்கிறது. அதன் உண்மை எடையில் இருக்கிறது.